மைல்ட் ஹைபிரிட் ஜீப்: மலைப் பாதையில் எவ்வளவு கைகொடுக்கும்?

2020 மார்ச்சில் நின்றுபோன வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில் மறுபடி திறந்தது. அதற்குப் பிறகு "ஹைபிரிட்" என்ற சொல் கார்களை விட்டு இறங்கி டபல் கெப், ஜீப் பக்கமும் வந்துவிட்டது. ஹட்டனிலும் நுவரெலியாவிலும் பண்டாரவளையிலும் இதைப் பற்றி இரண்டு விதமான பேச்சு நடக்கிறது. "இறக்கத்தில் தானாக சார்ஜ் ஏறும், ஏற்றத்தில் கரண்டில் ஏறிவிடும், டீசல் பாதிதான்" என்பார்கள் ஒரு சாரார். "பெட்டரி போனால் லட்சக்கணக்கில் செலவு, ஓடையில் இறக்கினால் ஷாக் அடிக்கும், கிட்டவே போகாதே" என்பார்கள் மறுசாரார்.

இரண்டு பேச்சும் ஒரே இடத்தில் தவறுகின்றன. அக்வா, பிரியஸ் போன்ற கார்களில் கண்டதை, பெயரில் மட்டும் உறவுள்ள வேறொரு வாகனத்தின் மேல் ஏற்றிப் பேசுகிறார்கள். இன்று டீசல் ஜீப்களில் வருவது பெரும்பாலும் மைல்ட் ஹைபிரிட். அது என்ன, சாதாரண எஞ்சினிலிருந்து எங்கே வேறுபடுகிறது, நம் மலைப் பாதையில் அந்த வேறுபாடு எங்கே தெரியும், எங்கே தெரியவே தெரியாது என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

விறகுக் கட்டும் தூக்கிவிடும் கையும்

பெரிய விறகுக் கட்டை ஒருவரே தலையில் ஏற்றிக்கொள்வது கடினம். பக்கத்தில் ஒருவர் நின்று ஒரு கை கொடுத்துத் தூக்கிவிட்டால் கட்டு தலைக்கு வந்துவிடும். அதன் பிறகு லயம் வரைக்கும் நடப்பதும் சுமப்பதும் கட்டுக்கு உரியவர்தான். தூக்கிவிட்டவர் கூடவே நடந்து வரலாம், மேடு வரும்போது முதுகில் கைவைத்து லேசாகத் தள்ளலாம். கட்டை அவர் வாங்கிச் சுமக்கமாட்டார்.

மைல்ட் ஹைபிரிட்டில் மின்மோட்டாரின் வேலை அந்தத் தூக்கிவிடும் கையின் வேலைதான். எஞ்சின் நின்ற நிலையிலிருந்து கிளம்பும்போதும், வேகம் குறைந்து மறுபடி இழுக்கும்போதும் ஒரு கை கொடுக்கும். வண்டியை இழுத்துச் செல்வது எப்போதும் எஞ்சின்.

அக்வா போன்ற முழு ஹைபிரிட் வேறு வகை. அங்கே கூட வருபவர் கொஞ்ச தூரம் கட்டைத் தன் தலைக்கே மாற்றிக்கொள்வார். எஞ்சின் அணைந்திருக்க, மின்மோட்டார் மட்டும் வண்டியை ஓட்டும். கண்டி நகர நெரிசலில் அக்வா சத்தமில்லாமல் நகர்வது அதனால்தான். மைல்ட் ஹைபிரிட் ஜீப்பில் அந்தக் காட்சியை எதிர்பார்க்கக் கூடாது. எஞ்சின் அணைந்தால் வண்டி நிற்கும், அவ்வளவுதான்.

மைல்ட் ஹைபிரிட் நமக்குப் புதியதும் அல்ல. இலங்கைத் தெருக்களில் எங்கு பார்த்தாலும் தெரியும் வெகன் ஆர் கார்களில் பல இந்த வகைதான். வாங்கியவர்களும் விற்றவர்களும் அதை "ஹைபிரிட்" என்று மட்டும் சொல்லிப் பழகிவிட்டதால்தான் குழப்பம் தொடங்கியது.

போனட்டைத் திறந்தால் என்ன இருக்கும்?

சாதாரண டீசல் ஜீப்பில், எஞ்சினின் முன்பக்கம் ஓடும் பெல்ட் ஒன்று ஆல்டர்னேட்டரைச் சுற்றும். ஆல்டர்னேட்டர் என்பது எஞ்சின் சுழற்சியிலிருந்து மின்சாரம் எடுத்து 12 வோல்ட் பெட்டரியை நிரப்பும் கருவி. எஞ்சினைக் கிளப்ப ஸ்டார்ட்டர் என்ற தனி மோட்டார் இருக்கும்.

மைல்ட் ஹைபிரிட்டில் ஆல்டர்னேட்டர் இருந்த இடத்தில் கொஞ்சம் பெரிய கருவி ஒன்று உட்கார்ந்திருக்கும். அதன் பெயர் மோட்டார்-ஜெனரேட்டர். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் எஞ்சின் அதைச் சுற்ற, மின்சாரம் கிடைக்கும். மிதித்ததும் அதுவே மோட்டாராக மாறி, அதே பெல்ட் வழியாக எஞ்சினைச் சுற்ற உதவும். சக்கரத்துக்கு நேரடித் தொடர்பு அதற்குக் கிடையாது. எதைச் செய்தாலும் எஞ்சின் வழியாகத்தான் செய்யும்.

இதனுடன் இரண்டு பொருட்கள் சேரும். ஒன்று, 48 வோல்ட் லித்தியம் பெட்டரி. மற்றது, 48 வோல்ட்டை 12 வோல்ட்டாக இறக்கிக் கொடுக்கும் மாற்றி. கராஜ்களில் "டிசி கன்வர்ட்டர்" என்பார்கள். லைட், ஹோர்ன், எஞ்சின் கம்ப்யூட்டர் எல்லாம் இன்னமும் 12 வோல்ட்டில்தான் ஓடுகின்றன. ஆகவே பழைய 12 வோல்ட் பெட்டரியும் அதன் இடத்திலேயே இருக்கும்.

ஏன் 48? வாகன விதிகளில் 60 வோல்ட்டுக்கு மேற்பட்ட நேர்மின்சாரம் "உயர் அழுத்தம்" என்ற வகுப்பில் சேரும். அதற்குத் தடித்த காப்பும் தனிப் பாதுகாப்பும் தேவை, விலையும் ஏறும். 48 அந்தக் கோட்டுக்குக் கீழே நிற்கிறது. முதல் தலைமுறை அக்வாவின் பெட்டரி 144 வோல்ட். இந்த வித்தியாசத்தைத் தெரிந்துகொண்டால் ஷாக் பற்றிய பயத்தில் பாதி போய்விடும். மீதிப் பாதியைக் கடைசிப் பகுதியில் பார்ப்போம், ஏனென்றால் 48 வோல்ட்டிலும் அலட்சியமாக விளையாட முடியாது.

சுருக்கமாக: ஆல்டர்னேட்டருக்குப் பதில் மோட்டார்-ஜெனரேட்டர், கூடுதலாக ஒரு 48 வோல்ட் பெட்டரி, ஒரு கன்வர்ட்டர். எஞ்சின், கியர்பெட்டி, நான்கு சக்கரத்துக்கும் பலம் பிரிக்கும் பகுதி எல்லாம் சாதாரண ஜீப்பில் இருப்பவையே.

ஒரு கேத்தல் மின்சாரம்

இந்தப் பெட்டரி எவ்வளவு பெரியது என்ற ஒரே கேள்விக்கு விடை தெரிந்தால், மைல்ட் ஹைபிரிட் பற்றிய பெரும்பாலான தவறான எண்ணங்கள் தானாக உதிர்ந்துவிடும்.

டொயோட்டா ஹைலக்ஸின் 48 வோல்ட் வகையை எடுத்துக்கொள்வோம். 2.8 லீற்றர் டீசல் எஞ்சின் 150 கிலோவொட் வலு தருகிறது. மோட்டார்-ஜெனரேட்டர் அதிகபட்சம் 12 கிலோவொட். பின் இருக்கைக்கு அடியில் இருக்கும் பெட்டரியின் எடை 7.6 கிலோ. அதில் அடங்கும் மின்சாரம் ஏறக்குறைய 0.2 யுனிட். மின்சார பில்லில் வரும் அதே யுனிட்தான். 2 கிலோவொட் மின்கேத்தல் ஒன்று ஆறு நிமிடம் ஓடினால் 0.2 யுனிட் தீர்ந்துவிடும். வீட்டில் எல்லோருக்கும் ஒரு தடவை தேத்தண்ணி போடத் தேவையான மின்சாரம், அவ்வளவே.

12 கிலோவொட் மோட்டாரை முழுப் பலத்தில் ஓட்டினால் இந்தப் பெட்டரி ஒரு நிமிடம் தாங்கும். நடைமுறையில் பெட்டரியை முழுதாகக் காலி செய்யவும் முழுதாக நிரப்பவும் கம்ப்யூட்டர் விடாது, ஆயுள் குறையும் என்பதால். ஆகவே உண்மையில் கையில் கிடைப்பது இன்னும் குறைவு.

இப்போது மலையைப் பாருங்கள். கண்டி ஏறக்குறைய 500 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, நுவரெலியா 1,868 மீற்றரில். ஆளும் சாமானுமாக 2,500 கிலோ எடையுள்ள ஒரு டபல் கெப்பை அந்த உயர வித்தியாசத்துக்குத் தூக்க மட்டும் 9 யுனிட்டுக்கு மேல் வேண்டும். உராய்வும் காற்றின் தடையும் தனி. 9 யுனிட் வேலைக்கு 0.2 யுனிட் பெட்டரி எவ்வளவு உதவும்? கம்பளையிலோ புசல்லாவையிலோ ஒரு பஸ்ஸைத் தாண்டும் இடத்தில் உதவும். மலையை அது ஏற்றிவிடாது.

முடக்கில்தான் அதன் அருமை

அப்படியென்றால் இதனால் பயனே இல்லையா? உண்டு. அது எங்கே என்று தெரிந்துகொள்ள ஒரு முடக்கைக் கிட்டப்போய்ப் பார்க்க வேண்டும்.

இறம்பொடைப் பக்கம் ஏறிக்கொண்டிருக்கிறீர்கள். முன்னால் ஒரு லொறி. கூர்மையான முடக்கில் லொறி ஏறக்குறைய நின்றுவிடுகிறது, உங்கள் வேகம் மணிக்கு 10 கிலோமீற்றருக்கு இறங்குகிறது. எஞ்சின் சுழற்சி 1,200க்கு வந்துவிட்டது. லொறி நகர்கிறது, நீங்கள் மிதிக்கிறீர்கள். முதல் ஒன்றிரண்டு விநாடி வண்டி சோர்ந்து நிற்பதுபோல இருக்கும். பிறகு சட்டென்று பாயும்.

இந்தத் தாமதத்துக்கு டர்போ லேக் என்று பெயர். டர்போ என்பது புகையின் வேகத்தால் சுழன்று எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் சிறு விசிறி. புகை குறைவாக வரும்போது விசிறி மெதுவாகச் சுழலும். மிதித்து, புகை கூடி, விசிறி வேகமெடுக்கும் வரை எஞ்சின் டர்போ இல்லாத எஞ்சின் போலத்தான் இழுக்கும்.

உயரம் இதை மோசமாக்கும். நுவரெலியா உயரத்தில் காற்றின் அடர்த்தி கடலோரத்தைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. டர்போ வேகமெடுத்த பிறகு இந்தக் குறையை ஓரளவு ஈடுசெய்யும். வேகமெடுக்கும் முன் ஈடுசெய்ய ஆளில்லை. அதனால்தான் கொழும்பில் சுறுசுறுப்பாக இருந்த அதே வண்டி நானு ஓயாவுக்கு மேலே முடக்குகளில் "மூச்சு வாங்குவது" போலத் தெரிகிறது.

மின்மோட்டாருக்குக் காற்று தேவையில்லை. 50 மீற்றரிலும் 1,900 மீற்றரிலும் அதே பலம். மேலும் அதன் டோர்க், அதாவது அச்சைத் திருகும் பலம், கேட்ட கணத்திலேயே கிடைக்கும். வீல் நட் கழற்றும்போது ஸ்பெனரில் கொடுக்கும் திருகலை நினைத்துக்கொள்ளுங்கள். இறுகிய நட் அசைய முதல் திருகலில்தான் பலம் வேண்டும். ஹைலக்ஸின் மோட்டார்-ஜெனரேட்டர் கொடுப்பது 65 நியூட்டன் மீற்றர். எஞ்சினின் உச்சமான 500 நியூட்டன் மீற்றருக்கு முன் இது சிறிது. ஆனால் அந்த 500 கிடைப்பது சுழற்சி 1,600ஐத் தாண்டிய பிறகு. 1,000, 1,200இல் தடுமாறும் எஞ்சினுக்கு அந்த 65 பெரிய கை.

தோட்டத்துப் பாதையில் இதன் மதிப்பு இன்னும் கூடும். மழை பெய்து வழுக்கும் செம்மண், உருளும் சல்லி, கொழுந்து லொறி கிழித்த இரட்டைப் பள்ளம். இந்த இடங்களில் சக்கரம் சுற்றி வழுக்குவதற்கு முக்கிய காரணம் பலம் இல்லாமை அல்ல. பலம் தாமதமாக வந்து, வரும்போது மொத்தமாக வருவது. சாரதி பொறுமையிழந்து இன்னும் மிதிக்கிறார், டர்போ அதே நேரம் விழித்துக்கொள்கிறது, சக்கரம் சுற்றுகிறது, பள்ளம் ஆழமாகிறது. மைல்ட் ஹைபிரிட்டில் பலம் முன்னதாகவும் சீராகவும் வரும், காலால் அளந்து கொடுப்பது எளிது. இந்த ஒரு குணத்துக்காகத்தான் மலைநாட்டில் இதை மதிக்க வேண்டும். டீசல் சேமிப்புக்காக அல்ல.

லோ கியர் இருக்கும்போது

இதே இடத்தில் இன்னொரு உண்மையையும் சொல்லியாக வேண்டும். உண்மையான ஜீப்களில் லோ கியர் என்ற ஏற்பாடு இருக்கிறது. கியர்பெட்டிக்குப் பின்னால் இருக்கும் இரண்டாவது பெட்டி, வேகத்தைக் குறைத்துச் சக்கரத்துக்குப் போகும் டோர்க்கைப் பெருக்கிக் கொடுக்கும். ஹைலக்ஸில் இது ஏறக்குறைய இரண்டரை மடங்கு. சுசுகி ஜிம்னியில் இரண்டு மடங்கு.

இரண்டரை மடங்குக்கு முன் 65 நியூட்டன் மீற்றர் என்ன? அது மட்டுமல்ல, லோ கியரில் வண்டி மெதுவாக ஊர்ந்தாலும் எஞ்சின் 1,800, 2,000 என்று தாராளமாகச் சுழலும். டர்போ தூங்குவதற்கே இடமில்லை. ஆகவே லோ கியரை உரிய இடத்தில் போடத் தெரிந்த சாரதிக்கு, செங்குத்தான தோட்டத்துப் பாதையில் மைல்ட் ஹைபிரிட்டுக்கும் சாதாரண எஞ்சினுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது.

ஜிம்னி இதற்கு நல்ல சாட்சி. 1.5 லீற்றர் பெற்றோல், டர்போ இல்லை, ஹைபிரிட் இல்லை, 130 நியூட்டன் மீற்றர்தான், அதுவும் 4,000 சுழற்சியில். நுவரெலியாவின் மெல்லிய காற்றில் அதிலும் ஆறில் ஒரு பங்கு போகும். ஆனாலும் 1,100 கிலோ சொச்ச எடையும் லோ கியரும் சேர்ந்து, பெரிய ஜீப்கள் யோசிக்கும் இடங்களில் அது ஏறிவிடும்.

லோ கியரைக் காய்ந்த தார் ரோட்டில் போட்டு முடக்குகளில் திருப்பக் கூடாது. நான்கு சக்கரமும் பூட்டப்பட்ட நிலையில் முன், பின் அச்சுகள் ஒன்றையொன்று முறுக்கிக்கொள்ளும், கியர் பல்லும் அச்சும் அடிபடும். மண், சல்லி, சேறு போன்ற இடங்களுக்கு உரியது அது. தார் ரோட்டு முடக்குகளில் அதைப் பயன்படுத்த முடியாது என்பதால்தான் மைல்ட் ஹைபிரிட்டின் கை அங்கே தேவைப்படுகிறது.

சுருக்கமாக: தார் ரோட்டு முடக்கிலும் லேசான வழுக்கலிலும் மைல்ட் ஹைபிரிட் நன்றாகக் கைகொடுக்கும். செங்குத்தான, கரடுமுரடான இடத்தில் லோ கியரும் டயரும் சாரதியின் காலும்தான் தீர்மானிக்கும்.

இறக்கம்: இங்கேதான் உயிர் போகும்

காலை எடுத்ததும் மோட்டார்-ஜெனரேட்டர் மின்சாரம் எடுக்கத் தொடங்கும் என்று பார்த்தோம். எடுக்கும்போது அது எஞ்சினுக்கு ஒரு சுமையாகி வண்டியை லேசாகப் பிடித்து இழுக்கும். இதைப் பார்த்துத்தான் "இறக்கம் முழுதும் சார்ஜ் ஏறும், பிரேக்குக்கும் வேலை குறைவு" என்கிறார்கள்.

பீலியில் தண்ணீர் கொட்டுகிறது. அதன் கீழ் ஒரு செம்பைப் பிடிக்கிறீர்கள். செம்பு உடனே நிறைந்துவிடும், மிச்சத் தண்ணீர் வழிந்து ஓடும். பீலி எவ்வளவு நேரம் கொட்டினாலும் செம்பு கொள்வது செம்பளவே. 2,500 கிலோ வண்டி 100 மீற்றர் உயரம் இறங்கினால் ஏறக்குறைய 0.7 யுனிட் சக்தி வெளியாகிறது. உராய்வில் போவதைக் கழித்தாலும், 40, 50 மீற்றர் உயரம் இறங்குவதற்குள் 0.2 யுனிட் செம்பு நிறைந்துவிடும். ரோட்டில் பார்த்தால் ஒரு கிலோமீற்றர் வருமா என்பதே சந்தேகம். நுவரெலியாவிலிருந்து கீழே இறங்க மிச்சமிருப்பது 1,300 மீற்றர் உயரம்.

நிறைந்தவுடன் என்ன நடக்கும்? மோட்டார்-ஜெனரேட்டர் பிடித்து இழுத்த அந்தச் சிறு தடை மறைந்துவிடும். முதல் முடக்கில் வண்டி அடங்கி இறங்கியதே என்று நம்பி அதே கணக்கில் காலை வைத்திருப்பவருக்கு, மூன்றாவது முடக்கில் வண்டி கொஞ்சம் கூடுதலாக ஓடுவது போலத் தெரியும். அக்வா ஓட்டுபவர்கள் இதன் இன்னொரு வடிவத்தைக் கண்டிருப்பார்கள்: நீண்ட இறக்கத்தில் பெட்டரி நிறைந்ததும், மிதிக்காமலேயே எஞ்சின் சத்தத்தோடு சுழலத் தொடங்கும். மிஞ்சிய சக்தியைச் செலவழிக்க வண்டி தானே செய்யும் ஏற்பாடு அது.

நல்ல செய்தி என்னவென்றால், மைல்ட் ஹைபிரிட் ஜீப்பில் எஞ்சின் பிரேக் முழுதாக இருக்கிறது. எஞ்சின் பிரேக் என்பது, கியரில் இருக்கும் வண்டியின் சக்கரமே எஞ்சினைச் சுற்றவைக்கும்போது கிடைக்கும் தடை. ஆகவே பழைய பாடம் அப்படியே செல்லும்: ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும். ஒட்டோ கியர் வண்டியை வெறும் "டி"யில் விட்டு இறக்கக் கூடாது. கையால் மாற்றும் நிலைக்குக் கொண்டுபோய் இரண்டாவது அல்லது மூன்றாவது கியரில் பிடித்துவைக்க வேண்டும். பிரேக்கைத் தொட்டபடியே இறங்காமல், அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட்டு, கால் எடுத்து ஆறவிட வேண்டும். கருகிய மணம் வந்தாலோ, மிதி வழக்கத்தைவிட ஆழமாக இறங்கினாலோ பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி அரை மணி நேரம் ஆறவிடுங்கள். சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்ற வேண்டாம், அது கோணிவிடும் அல்லது வெடிக்கும்.

டீசல் எவ்வளவு மிஞ்சும்?

இந்த வகை டீசல் ஜீப்களுக்குத் தயாரிப்பாளர்கள் சொல்லும் சேமிப்பு 5 முதல் 10 சதவீதத்துக்குள் அடங்கும். மாதம் 1,500 கிலோமீற்றர், லீற்றருக்கு 10 கிலோமீற்றர் என்று வைத்துக்கொண்டால் 150 லீற்றர் டீசல். 5 சதவீதம் என்றால் ஏழரை லீற்றர். அந்த மாத டீசல் விலையால் பெருக்கிப் பாருங்கள், வண்டியின் விலை வித்தியாசத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். முடிவு உங்களுக்கே தெரிந்துவிடும்.

அந்தச் சேமிப்பும் எல்லா ரோட்டிலும் ஒரே அளவாக வராது. நின்று நின்று போகும் இடத்தில்தான் அது வரும். சிக்னலிலும் நெரிசலிலும் எஞ்சின் தானாக அணைந்து, பிரேக்கிலிருந்து காலை எடுத்ததும் உதறலில்லாமல் கிளம்பும். பேராதனை தொடங்கிக் கண்டி நகரம் வரை தினமும் போகிறவருக்கு இது தெரியும். மஸ்கெலியாவில் டிவிசனுக்கும் ஸ்டோருக்கும் இடையே மட்டும் ஓடும் வண்டிக்கு, நிற்பதற்கு சிக்னலே இல்லையே.

ஓடை, சேறு, குளிர்

தண்ணீர் பயம் பெரும்பாலும் தேவையற்றது. ஹைலக்ஸின் 48 வோல்ட் வகைக்கும் சாதாரண வகைக்கும் தண்ணீரில் இறங்கக்கூடிய ஆழம் ஒன்றே, 700 மில்லிமீற்றர். 48 வோல்ட் டீசலோடு வரும் புதிய லேண்ட் ரோவர் டிஃபென்டருக்கு 900 மில்லிமீற்றர் வரை. எந்த வண்டியானாலும் ஆபத்து மின்சாரத்தில் இல்லை. காற்று இழுக்கும் குழாய்க்குள் தண்ணீர் புகுந்து எஞ்சின் நொறுங்குவதில்தான் இருக்கிறது. ஓடையில் இறங்கும் முன் தானாக அணையும் வசதியை நிறுத்திவிடுங்கள்.

சேறுதான் உண்மையான எதிரி. மோட்டார்-ஜெனரேட்டர் ஒரு நேரம் பெல்ட்டை இழுக்கிறது, மறுநேரம் பெல்ட்டால் இழுக்கப்படுகிறது. ஆகவே பெல்ட் தளரும் பக்கம் மாறிக்கொண்டே இருக்கும், அதைப் பிடிக்க இரண்டு கையுள்ள டென்ஷனர் வைக்கிறார்கள். சேறு காய்ந்து அதில் இறுகினால் பெல்ட் வழுக்கிக் கிரீச்சிடும், பிறகு பள்ளம் தேய்ந்து பளபளக்கும். நீளம் ஒன்றுதானே என்று சாதாரண ஆல்டர்னேட்டர் பெல்ட்டைப் போட்டால் சில மாதத்தில் பிய்ந்துவிடும். பெல்ட் போனால் 48 வோல்ட்டும் நிரம்பாது, 12 வோல்ட்டும் நிரம்பாது. பல எஞ்சின்களில் வோட்டர் பம்பும் அதே பெல்ட்டில் என்பதால் எஞ்சின் கொதிக்கவும் கூடும். சேற்றில் ஓடிய அன்றே சாதாரணக் குழாய்த் தண்ணீரால் கழுவிவிடுங்கள். பிரஷர் கன்னை பெல்ட்டுக்கும் மோட்டார்-ஜெனரேட்டரின் கனெக்டருக்கும் கிட்டத்தில் நேராகப் பிடிக்க வேண்டாம்.

தை, மாசி மாதத்து நுவரெலியாக் குளிரில் காலையில் எஞ்சின் தானாக அணையாது, மோட்டாரின் உதவியும் குறைவாக இருக்கும். பழுது என்று நினைக்க வேண்டாம். எஞ்சினும் லித்தியம் பெட்டரியும் சூடேறும் வரை கம்ப்யூட்டர் காத்திருக்கிறது.

சாதாரண எஞ்சின் எளிமையானதா?

"மைல்ட் ஹைபிரிட் சிக்கலானது, சாதாரண எஞ்சினை நம்ம கராஜ் பாஸே பார்த்துவிடுவார்" என்ற வாதத்தில் பாதி நியாயம் உண்டு. மெக்கானிக்கல் பம்ப் வைத்த பழைய லேண்ட் ரோவருக்கு அது முழுக்கப் பொருந்தும். அந்த வண்டிகள் தோட்டங்களில் இன்னும் ஓடுவதற்குக் காரணமே அந்த எளிமை. ஆனால் இன்று வாங்கும் "சாதாரண" டீசல் அப்படிப்பட்டதல்ல. உயர் அழுத்த இன்ஜெக்டர், கம்ப்யூட்டர், சென்சர் எல்லாம் அதிலும் உண்டு.

மலைநாட்டில் 48 வோல்ட்டைவிடக் கூடுதலாகத் தொல்லை தருவது புகை வடிகட்டி. எக்ஸோஸ்டில் கரியைப் பிடித்துவைத்து, போதிய சூடு வந்ததும் எரித்துவிடும் பகுதி அது. அந்தச் சூடு வர வண்டி இருபது நிமிடமாவது நல்ல வேகத்தில் ஓட வேண்டும். பங்களாவுக்கும் ஸ்டோருக்கும் இடையே மூன்று கிலோமீற்றர் ஓடி அணையும் வண்டியில் கரி எரியாமல் சேர்ந்து அடைத்துக்கொள்ளும். கந்தகம் கூடிய டீசல் இதை விரைவுபடுத்தும். வடிகட்டி உள்ள வண்டிக்கு ஒட்டோ டீசலை விட்டு சூப்பர் டீசல் அடிப்பது அதனால்தான். எந்த நாட்டுச் சந்தைக்காகச் செய்த வண்டி என்பதைப் பொறுத்து வடிகட்டி இருக்கும் அல்லது இருக்காது. ஹைபிரிட்டா இல்லையா என்று கேட்பதற்கு முன் இதைக் கேளுங்கள்.

பழுது பார்க்கும்போதும் வாங்கும்போதும்

காலையில் வண்டி கிளம்பவில்லை என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது பழைய 12 வோல்ட் பெட்டரியை. அது சோர்ந்தால் கம்ப்யூட்டர் விழிக்காது, 48 வோல்ட் நிறைந்திருந்தாலும் பயனில்லை. வேறு வண்டியிலிருந்து ஜம்ப் கொடுக்கும்போது 12 வோல்ட் முனையில் மட்டும் கொடுங்கள். சிவப்புக் கம்பி பொசிட்டிவில், கறுப்புக் கம்பி எஞ்சினில் பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியில். 48 வோல்ட் முனையில் ஸ்பெனர் பட்டுக் குறுக்கே பாய்ந்தால் ஷாக்கைவிடப் பெரிய ஆபத்து நெருப்புப் பொறியும் கையைப் பொசுக்கும் சூடும். மோதிரம், உலோக மணிக்கூடு கழற்றாமல் அங்கே கை வைக்கக் கூடாது. கெரியர், பம்பர் என்று எதையாவது உடம்பில் வெல்டிங் செய்யும் முன், கைநூலில் சொல்லியபடி இரண்டு பெட்டரியையும் துண்டிக்கச் சொல்லுங்கள். தவறினால் கன்வர்ட்டர் போய்விடும்.

பாவித்த வண்டி பார்க்கப் போனால் எஞ்சின் ஆறிய நிலையில் பாருங்கள். விற்பவர் முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிடுங்கள். மல்ட்டிமீற்றரை 12 வோல்ட் பெட்டரியில் வையுங்கள்: எஞ்சின் அணைந்திருக்கும்போது 12.4க்கு மேல், ஓடும்போது 13.5 முதல் 14.7 வரை காட்டினால் கன்வர்ட்டர் வேலை செய்கிறது. ஓடும்போதும் 12 சொச்சத்திலேயே நின்றால் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். இருபது நிமிடம் ஓட்டிய பிறகு தட்டையான இடத்தில் நிறுத்தி, எஞ்சின் தானாக அணைந்து உதறலில்லாமல் கிளம்புகிறதா என்று பாருங்கள். லோ கியரைப் போட்டு எடுத்துப் பாருங்கள். வருடக்கணக்கில் போடாத வண்டியில் அது இறுகிப்போயிருக்கும். ஸ்கேனர் வைத்து 48 வோல்ட் பகுதியில் பிழைக் குறியீடு ஏதும் சேமிப்பில் இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

கடைசியாகப் பின் இருக்கையைத் தூக்குங்கள். பெட்டரிப் பெட்டியைச் சுற்றி வண்டல் மண் கோடு, துருப்பிடித்த போல்ட், ஈர மணம் இருந்தால் அந்த வண்டி வெள்ளத்தில் நின்றிருக்கிறது. காற்றுத் துளை வைத்த பெட்டி என்றால் விரிப்பும் சாக்கும் அதை அடைத்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். அடைத்திருந்தால் அதை எடுத்துவிட்டு, அந்தத் துளையின் காற்று வடிகட்டியைச் சுத்தம் செய்த பிறகு மறுபடி ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.